மேல்பழனிச் சரிவுகளில் நீலக்குறிஞ்சி: 2018 பூப்பருவம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2018-ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் நீலக்குறிஞ்சி பூத்தது. அந்தப் பருவத்தைக் கொடைக்கானலைச் சுற்றியுள்ள மேல்பழனி மலைப்பகுதியில், செடி வாழும் இடத்திலேயே தேடிக் கண்டு ஒளிப்படங்களாகப் பதிவுசெய்த ஒரு சிறிய குழுவில் நானும் இருந்தேன். இடத்தை எப்படித் தேர்ந்தோம், அந்த ஆண்டின் பெருமழை எங்கள் திட்டத்தை எவ்வாறு மாற்றியது, எத்தகைய படங்கள் பிற்காலத்துக்குப் பயன்பட்டன, எவற்றை வெளியிடாமல் வைத்துக்கொண்டோம் என்பவற்றை இங்கே ஓரளவு விரிவாக எழுதுகிறேன். காட்டுப்பூவைப் படமெடுப்பவர்கள் பலரும் பூவின் அழகில் காட்டும் அக்கறையை அது நிற்கும் நிலத்தின்மீது காட்டுவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. நிலத்தைப் படிக்கத் தெரிந்தால்தான் பூ அகப்படும். அந்த நிலம் தெரியாத படம் பாதிப் பதிவுதான். 2018-இன் அனுபவம் இதை எனக்கு ஐயமற உறுதிசெய்தது.

செடியும் அதன் பன்னிரண்டு ஆண்டுகளும்

நீலக்குறிஞ்சிக்குத் தாவரவியலார் வைத்த பெயர் ஸ்ட்ரோபைலாந்தஸ் குந்தியானா. தென்னிந்தியாவின் உயர்மலைகளுக்கு மட்டுமே உரிய இந்தப் புதர்ச்செடி, ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், சோலைக்காடுகளுக்கு (மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் பசுமைக்காடுகள்) இடையே விரிந்து கிடக்கும் மலைப்புல்வெளிகளில் வளர்கிறது. காற்று ஓயாமல் வீசும் திறந்த சரிவில் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும் இச்செடி, சோலையின் ஓரத்தில் ஆழமான மண் கிடைத்தால் ஆள் உயரத்துக்கும் வளரும். பல ஆண்டுகள் இலையும் தண்டுமாகவே இருந்துவிட்டு, பன்னிரண்டாம் ஆண்டில் மலை முழுவதும் ஒரே பருவத்தில் பூத்து, காய்த்து, விதை உதிர்த்து, அதோடு பட்டுப்போய்விடுகிறது. ஒரே நேரத்தில் அளவின்றி விதை விழுந்தால், அதைத் தின்னும் உயிர்கள் தின்றது போக முளைப்பதற்கு மிச்சமிருக்கும் என்பது இந்தக் கூட்டுப் பூப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். 1838 தொடங்கி 1982, 1994, 2006, 2018 வரை பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இந்தப் பூப்பு குறித்துவைக்கப்பட்டு வந்திருக்கிறது. மூணாறு மலைகளில் வாழும் முதுவர்கள் குறிஞ்சி பூத்த பருவங்களைக் கொண்டே வயதைக் கணக்கிட்டார்கள் என்று சொல்லப்படுவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. எல்லா மலைகளின் குறிஞ்சியும் ஒரே சுழற்சியைச் சேர்ந்தது அன்று. இடுக்கி மாவட்டத்தின் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறையில் 2022 அக்டோபரில் பெரும் பூப்பு வந்தது. 2018-இல் பூத்த சரிவுகளுக்கு அடுத்த முறை 2030-இல்தான். ஒரே சரிவில்கூட ஒன்றிரண்டு செடிகள் ஓராண்டு முந்தியோ பிந்தியோ பூத்துவிடும். இது தவிர, இந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட குறிஞ்சி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆண்டுதோறும் பூப்பவையும் உண்டு, வேறு இடைவெளிகளில் பூப்பவையும் உண்டு. ஆகவே ஏதோ ஒரு மலையில் குறிஞ்சி பூத்திருக்கிறது என்ற செய்தி வந்தவுடன் கேமராவை எடுத்துக்கொண்டு புறப்படுவதில் பயனில்லை. எந்த இனம், எந்த மலையின் எந்தச் சுழற்சி என்று தெரிந்துகொண்ட பிறகே தேடல் தொடங்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

குறிஞ்சி என்றால் பெரும்பாலோர் மூணாறை நினைப்பார்கள். ஆனைமுடி (2,695 மீட்டர்) அமைந்துள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா ஏறத்தாழ 97 சதுர கிலோமீட்டர் பரப்புடையது; அதில் இராஜமலைப் பகுதிக்கு மட்டுமே பயணிகளை விடுகிறார்கள். குறிஞ்சியையும் வரையாட்டையும் ஒரே பார்வையில் காண அதைவிட நல்ல இடம் இல்லை, முதன்முறையாகக் குறிஞ்சி பார்க்க விரும்புவோரை நான் இன்றும் அங்கேதான் அனுப்புவேன். ஆனால் ஒரே சரிவை விடியலிலும் நண்பகலிலும் மாலையிலும், மொட்டிலிருந்து விதை வரையிலும் தொடர்ந்து பதிவுசெய்ய நினைப்பவருக்கு அது ஏற்றதன்று. அங்கே குறித்த நேரத்தில் நுழைந்து, குறித்த பாதையிலேயே நடந்து, குறித்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். அந்தக் கட்டுப்பாடுகள்தான் இராஜமலையின் செடிகளைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன; அவற்றைத் தளர்த்தச் சொல்வதற்கில்லை.

நாங்கள் மேல்பழனியைத் தேர்ந்ததற்கு இதனினும் முக்கியமான காரணம் மழை. மூணாறுப் பக்கத்து மலைகள் தென்மேற்குப் பருவக்காற்றை நேருக்கு நேர் ஏற்கின்றன. அவற்றுக்குக் கிழக்கே அமைந்த பழனி மலைக்கு அந்த மழை வலு குறைந்தே வந்துசேர்கிறது. அங்கே வடகிழக்குப் பருவமழையின் பங்கும் பெரிது. ஆகஸ்டு மாதத்தில் திறந்த சரிவில் கேமராவுடன் நிற்கப் போகிறவருக்கு இந்த வேறுபாடு மிகவும் பொருட்படுத்தத் தக்கது.

அடுத்து, மேல்பழனியில் எந்தச் சரிவு என்ற கேள்வி. முதலில் பழைய பதிவுகளைப் பார்த்தோம். செண்பகனூரில் இயேசு சபையினர் சேர்த்துவைத்த தாவரத் தொகுப்பும், திருச்சிராப்பள்ளியில் உள்ள, உலர்த்திய செடிகளின் காப்பகமான இராபினாட் ஹெர்பேரியமும் பழனி மலைத் தாவரங்களுக்குப் பெரும் களஞ்சியங்கள். ஹெர்பேரியத் தாளில் ஒட்டிய செடியோடு, அது எடுக்கப்பட்ட இடம், உயரம், நாள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அத்தகைய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபோது மனம் கனத்தது. புல்வெளி என்று எழுதப்பட்டிருந்த இடங்களில் பைனும் தைல மரமும் சீகையும் (வாட்டில் மரம்) அடர்ந்து நின்றன. மலைப்புல்வெளியைத் தரிசு என்று கருதி அதில் அயல்மரங்களை வளர்த்த நீண்டகாலக் கொள்கையின் விளைவு இது. வெட்டப்பட்ட காட்டைப் போல அழிந்த புல்வெளி எவர் கண்ணிலும் படுவதில்லை, ஏனெனில் அந்த இடம் இன்று முன்னைவிடப் பசுமையாகத் தோன்றுகிறது.

எனவே இன்று எஞ்சியிருக்கும் புல்வெளி எது என்பதைச் செயற்கைக்கோள் படங்களில் தேடினோம். இதற்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எடுத்த படங்களே உதவும். அப்போது புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும், சோலை கரும்பச்சையாகவே இருக்கும், சீகைத் தோப்பு சாம்பல் கலந்த பச்சையில் ஒரே மட்டமாகத் தெரியும். வைக்கோல் நிறத்தின் நடுவே திட்டுத்திட்டாகக் கருமை படிந்த சரிவுகள் புதர் மண்டியவை. அவற்றில் குறிஞ்சி இருக்க வாய்ப்புண்டு. மழைக்காலத்துப் படத்தில் எல்லாமே ஒரே பச்சையாகி இந்த வேறுபாடுகள் மறைந்துபோகும்.

எதிர்பாராத ஓர் உதவி குடும்ப ஆல்பங்களிலிருந்து கிடைத்தது. 1994-இலும் 2006-இலும் குறிஞ்சி பூத்த சரிவின் முன் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் மலையூர்களில் பல வீடுகளில் இருக்கின்றன. படத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு நினைவு. எங்களுக்கோ அவர்கள் முதுகுக்குப் பின்னால் தெரியும் மலைமுகடு போதுமானதாக இருந்தது. முகட்டின் வளைவையும் பாறையின் வடிவத்தையும் கொண்டு, படம் எடுத்த இடத்தை ஏறக்குறையக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பருவங்களிலும் பூத்திருக்கிறது, இன்றும் புல்வெளியாக இருக்கிறது என்ற இரண்டும் பொருந்திய சரிவுகள் வெகுசிலவே. எங்கள் தேர்வு அந்தச் சிலவற்றுக்குள் அடங்கியது.

கடைசியாக, மலைவாழ் மக்களின் அறிவு. மாடு மேய்ப்பவர்கள், தேன் எடுக்கும் பளியர்கள், பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் உழவர்கள் ஆகியோர் எந்தச் சரிவில் எத்தகைய புதர் இருக்கிறது என்பதை வரைபடத்தைவிட நுட்பமாக அறிவார்கள். பூம்பாறைப் பக்கத்தில் ஒரு பெரியவர், “பூ பாக்கணும்னா ஆனி மாசமே வந்து மொட்டு எங்க நிக்குதுன்னு பாத்து வச்சுக்கங்க சார், ஆவணியில வந்தா ஆளுகளத்தான் பாப்பீங்க” என்றார். அவர் சொன்னபடியே மொட்டுப் பருவத்தில் சரிவுகளை நடந்து பார்த்தோம். பூக்கப் போகும் செடியில் கிளை நுனிகளில் கதிர் தடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பூவடிச் செதில்களோடு நிற்கும். பூக்காத செடியில் நுனி இளந்தளிராகவே இருக்கும். ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால் தொலைவிலிருந்தே இதைச் சொல்லிவிடலாம்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் வேலை செய்த சரிவுக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றோம்; அனுமதி கிடைக்காத ஒரு நல்ல சரிவைக் கைவிட்டோம். காட்டுமாடு நடமாடும் புல்வெளியில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்பது தெரியாது. அத்தகைய இடத்தில் உள்ளூர்க்காரர் துணையின்றி இருப்பது அறிவுடைமை ஆகாது.

மழை மாற்றிய திட்டம்

2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தைப் பற்றி இங்கே விரிவாக எழுதத் தேவையில்லை. மூணாறு நிலச்சரிவுகளால் துண்டிக்கப்பட்டது; மூணாற்றிலிருந்து இராஜமலைக்கும் மறையூருக்கும் செல்லும் சாலையில் இருந்த பெரியவரைப் பாலம் உடைந்தது. குறிஞ்சிக்கென்று ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் செய்திருந்த இடத்தில் பூப்பருவத்தின் உச்சத்திலேயே பயணிகள் வரத்து நின்றுபோயிற்று. பாலத்துக்கு மாற்று ஏற்பாடு செய்து, செப்டம்பரில்தான் இராஜமலைக்கு மீண்டும் ஆட்கள் போக முடிந்தது. தொடர்மழையில் அங்கே பூப்பும் பிந்தியது.

மேல்பழனியில் அந்த அளவுக்குச் சேதம் இல்லையென்றாலும், எங்கள் சரிவிலும் நாள்கணக்கில் மழையும் மூடுபனியும் விலகவில்லை. இந்தக் காலத்தில்தான் செடியின் பூக்கும் முறையை நெருங்கிப் பார்க்க முடிந்தது. குறிஞ்சியின் பூ தனித்தனி இதழ்களாக உதிர்வதில்லை. இதழ்கள் சேர்ந்து மணி வடிவக் குழலாக இருப்பதால், கனத்த மழைத்துளி பட்டால் குழல் முழுதும் கழன்று விழுந்துவிடும். மழை ஓய்ந்த ஒரு காலையில் புதர்களின் அடியைப் பார்த்தால் பாசிமேல் ஊதாக் குழல்கள் வாய் கீழாகக் கிடந்தன, செடியில் ஒரு பூகூட இல்லை. பருவம் முடிந்துவிட்டது என்று உடன் வந்தவர்கள் வருந்தினார்கள். ஆனால் கதிரில் மொட்டுகள் ஒரே நாளில் விரிவதில்லை. ஒவ்வொரு நாளும் சிலவாக விரிகின்றன. இரண்டு நாள் வெயில் கிடைத்ததும் அதே கதிர்கள் மறுபடி பூத்து நின்றன. மழையால் பூப்பு கெட்டுவிட்டது என்று அந்த ஆண்டு பலர் திரும்பிப் போனார்கள். மொட்டு எஞ்சியிருக்கிறதா என்று கதிரைப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருந்தால், அவர்களில் பாதிப்பேராவது இன்னும் சில நாள் தங்கியிருப்பார்கள்.

சரிவில் படமெடுத்தல்

ஒவ்வொரு இடத்திலும் மூன்று தொலைவுகளில் படமெடுக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். முதலாவது, சரிவு முழுவதும் சோலையின் விளிம்போடும் முகட்டோடும் தெரியும் படம். இரண்டாவது, ஒரு புதரும் அதைச் சுற்றி வளரும் புல்லும் பிற செடிகளும் தெரியும் படம். மூன்றாவது, கதிர், பூ, இலை ஆகியவற்றின் நெருக்கப் படம். பத்திரிகைகள் கேட்பதும் மக்கள் பகிர்வதும் மூன்றாவது வகையைத்தான். பின்னாளில் எங்களுக்கும், எங்களிடம் படம் கேட்ட மாணவர்களுக்கும் அதிகம் பயன்பட்டவை முதல் இரண்டு வகைகள்.

இரண்டாவது வகைப் படத்துக்கு அகலக்கோண லென்ஸைப் பூவுக்கு மிக அருகில் கொண்டுபோய் வைத்து எடுக்கும் முறையே சிறந்தது என்பது என் முடிவு. 24 மில்லிமீட்டர் அளவுள்ள, நெருங்கிக் குவியும் லென்ஸால் ஒரு கதிரை ஒரு சாண் தொலைவிலிருந்து எடுத்தால், கதிர் பெரிதாக முன்னே நிற்கும். அதன் பின்னால் சரிவும் சோலையும் வானமும் அவற்றின் இடத்தில் தெரியும். எஃப் 11 போன்ற சிறிய துளையில், பின்புலம் முற்றிலும் கரைந்துவிடாமல் அடையாளம் காணும் அளவுக்கு இருக்க வேண்டும். பின்னணியை வழவழப்பாக்கி, பூவை மட்டும் வெட்டி ஒட்டியதுபோல் காட்டும் படங்கள் இன்று மிகுந்துவிட்டன. அவற்றைப் பார்த்து, அந்தப் பூ புல்வெளியில் நின்றதா, தொட்டியில் நின்றதா என்று எவராலும் சொல்ல முடியாது.

நிறம் மிகவும் தொல்லை கொடுத்தது. குறிஞ்சிப்பூ விரிந்தவுடன் வெளிர்நீலமாக இருந்து, நாளாக ஆகக் கருநீலம் கலந்த ஊதாவாக மாறுகிறது. ஒரே கதிரில் இரண்டு நிறங்களும் இருக்கும். மூடுபனியில் ஒளியே நீலம் கலந்து வருவதால், கேமரா தானாக வெண்சமநிலையைச் சரிசெய்ய முயன்று படத்தில் மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றுகிறது. விளைவாக நீலப் பூ வெளிறிய இளஞ்சிவப்பாகப் பதிவாகிறது. கைப்பேசிகள் இதற்கு எதிர்த்திசையில் போய், எந்தச் செடியிலும் இல்லாத மின்னும் நீலத்தை உண்டாக்குகின்றன. 2018-இல் பரவலாகப் பகிரப்பட்ட குறிஞ்சிப் படங்களில் பல நிறம் கூட்டப்பட்டவை. அவற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்மையான சரிவைக் கண்டு ஏமாந்ததை நேரில் கண்டிருக்கிறேன். நாங்கள் ரா வடிவத்தில் (கேமரா பதிந்ததை மாற்றாமல் சேமிக்கும் வடிவம்) எடுத்து, ஒளி மாறும்தோறும் சாம்பல் நிற அட்டையைப் பூவின் அருகில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அதோடு, சரிவில் நின்றபடியே பூவின் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் குறித்தோம். திரும்பி வந்து கணினியில் நிறத்தைச் சரிசெய்யும்போது கண்ணின் நினைவு நம்பத்தக்கதாக இருப்பதில்லை, நோட்டுக் குறிப்புத்தான் கைகொடுத்தது. நீலப் பூக்களைப் படமெடுப்பவர்கள் ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) மொத்த ஒளியளவை மட்டும் பார்க்காமல் நீல அலைவரிசையைத் தனியாகப் பார்க்க வேண்டும். மொத்த அளவு சரியாகத் தெரியும்போதே நீலம் வரம்பைக் கடந்து, இதழின் நரம்புகள் அழிந்திருக்கும்.

காற்றுக்கு எளிய தீர்வு இல்லை. திறந்த சரிவில் கதிர்கள் ஓயாது ஆடும். முக்காலி வைத்தாலும் பூ ஆடுவது நிற்காது. செடியைக் குச்சி நட்டுக் கட்டுவது, பக்கத்துப் புல்லைப் பிடுங்கி இடம் ஒழிப்பது ஆகியவற்றைச் செய்வதில்லை என்று உறுதியாக இருந்தோம். விடிந்ததும் காற்று அடங்கியிருக்கும் வேளையில் நெருக்கப் படங்களையும், காற்று எழுந்த பிறகு சரிவுப் படங்களையும் எடுத்தோம். ஈர இலைகளின் பளபளப்பை நீக்க, லென்ஸின் முன் பொருத்தும் போலரைசர் வடிகண்ணாடி உதவியது. அதனால் ஒளி குறைவதை ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன்) கூட்டி ஈடுசெய்தோம். படத்தில் புள்ளி தெரிந்தாலும் கதிர் கலங்காமல் இருப்பதே முக்கியம்.

இன்ன இனம் என்று அறிய இலையின் அடிப்பக்கம் தேவை. இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டுவதே வழக்கமான வழி. நாங்கள் ஒரு சிறிய சவரக் கண்ணாடியை இலைக்கு அடியில் தரையோடு சாய்த்துப் பிடித்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் படமெடுத்தோம். தடித்த நரம்புகளும் விளிம்பின் பற்களும், நரம்புகளின் மேலிருந்த மெல்லிய மயிர்களில் தங்கிய நீர்த்துளிகளும்கூட அதில் தெளிவாக விழுந்தன. கதிரின் செதில்களைப் பக்கத்திலிருந்தும், தண்டின் கணுவைக் கீழிருந்தும், அளவுகோல் வைத்து ஒரு படமும் எடுத்துவிட்டால், எந்த வல்லுநரும் ஐயமின்றி இனத்தைச் சொல்லிவிட முடியும். பூவை மட்டும் நேர்முன்னால் எடுத்த படத்தைக் கொண்டு குறிஞ்சி இனங்களைப் பிரித்தறிவது பெரும்பாலும் இயலாது.

தேனீக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனி மூடியிருக்கும்வரை சரிவில் ஓசையே இராது. மேகம் விலகி வெயில் விழுந்த சில நிமிடங்களில் அடுக்குத் தேனீக்கள் வந்து நிறைந்தன. ஒரு தேனீ குழலின் வாயில் இறங்கி, தலையும் மார்பும் உள்ளே மறைய, முதுகில் வெண்ணிறத் தூள் பூசிக்கொண்டு பின்னோக்கி வெளிவரும். உடனே அடுத்த பூவுக்குப் போகும். அந்த வெண்தூளைப் பதிவுசெய்ய, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகமும், தேனீயைத் துரத்தாமல் ஒரு கதிரிலேயே குவித்துக் காத்திருக்கும் பொறுமையும் தேவைப்பட்டன. செடி பட்டுப்போவதற்குமுன் மகரந்தச் சேர்க்கை நடைபெற்றதைக் காட்டும் இந்தப் படங்களை, பூவின் தனிப்படங்கள் எல்லாவற்றையும்விட மதிப்புடையவையாகக் கருதுகிறேன்.

காலடியைப் பற்றிய எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறிஞ்சி பூக்கும் அதே மாதங்களில் புல்வெளித் தரையில் வேறு பூக்களும் பூத்திருக்கும். சதைப்பற்றான தண்டில் இளஞ்சிவப்புக் கதிர் ஏந்திய சாட்டிரியம் என்னும் தரை ஆர்க்கிட், ஈரமான இடங்களில் விரல் உயரமே உள்ள பூச்சியுண்ணும் ட்ரோசெரா, பாறை நீர்க்கசிவில் வளரும் யூட்ரிகுலேரியா ஆகியவை குனிந்து பார்த்தால்தான் தெரியும். நீலத்தைப் பார்த்தபடி நடப்பவர் இவற்றை மிதித்துக்கொண்டே நடக்கிறார். மாட்டுத்தடத்தை விட்டு இறங்குவதில்லை, இறங்க வேண்டியிருந்தால் ஒருவர் மட்டும் பாறைமேல் கால்வைத்துப் போவது என்ற ஒழுங்கை நாங்கள் கடைப்பிடித்தோம். இதனால் சில நல்ல கோணங்கள் கிடைக்காமல் போயின. அதில் எனக்கு வருத்தமில்லை.

எதை வெளியிடுவது

சரிவின் பெயரை நாங்கள் எங்கும் வெளியிடவில்லை. இக்கட்டுரையிலும் வெளியிடப் போவதில்லை. கேமராவும் கைப்பேசியும் படத்தின் உள்ளேயே இடக்குறிப்பைப் பதிந்துவிடுவதால், அதை நீக்கிய பிறகே படங்களைக் கொடுத்தோம். முகட்டைக் கொண்டு பழைய படங்களின் இடத்தை நாங்கள் கண்டுபிடித்ததுபோல வேறொருவரும் கண்டுபிடிக்க முடியும் என்பதால், முகடு தெளிவாகத் தெரியும் படங்களை ஆய்வாளர்களுக்கும் வனத்துறைக்கும் மட்டுமே அளித்தோம். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மங்கலாக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பதிவு அறிவியலுக்குப் பயன்படும், கூட்டத்துக்கு வழிகாட்டாது.

இந்த எச்சரிக்கை மிகையானது என்று அப்போது நண்பர்கள் சிலர் சொன்னார்கள். 2022-இல் கள்ளிப்பாறையில் நடந்ததைக் கண்ட பிறகு அப்படிச் சொல்வாரில்லை. படங்கள் பரவிய சில நாள்களிலேயே மலைப்பாதை வண்டிகளால் நிறைந்தது. செடிகளுக்கு நடுவே புகுந்து படமெடுத்துக்கொண்டவர்களால் புதர்கள் மிதிபட்டன. பறித்த பூக்களும் பிளாஸ்டிக் குப்பையும் சரிவெங்கும் கிடந்தன. மக்கள் குறிஞ்சியைப் பார்க்க வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறை வரும் காட்சியைக் காணும் விருப்பம் நியாயமானது. அதற்கு இராஜமலையைப் போல நடைபாதையும் காவலும் எண்ணிக்கை வரம்பும் உள்ள இடங்கள் வேண்டும். அவை இல்லாத சரிவுகளின் பெயரை ஒளிப்படக்காரர் அறிவிக்கக்கூடாது.

சட்டமும் இப்போது தெளிவாக இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. செடியைப் பறிப்பதும் பிடுங்குவதும் அழிப்பதும் தண்டனைக்குரியவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் தன் செம்பட்டியலில் இதனை அழிவாய்ப்பு இனமாக அறிவித்தது. இதன் வாழிடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஏற்கெனவே இழக்கப்பட்டுவிட்டது என்பதும், எஞ்சியதையும் அயல்மரங்கள் நெருக்குகின்றன என்பதும் அந்த மதிப்பீட்டில் சொல்லப்பட்டவை.

பூத்து முடிந்த பிறகு

பூ முடிந்ததும் பெரும்பாலான கேமராக்கள் மலையை விட்டு இறங்கிவிட்டன. என்னைக் கேட்டால், பதிவின் மறுபாதி அப்போதுதான் தொடங்குகிறது. சரிவை எதிர்நோக்கிய ஒரு பாறையில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அதே லென்ஸ், அதே உயரம், அதே திசை என்று பருவந்தோறும் ஒரு படம் எடுத்து வந்தோம். விதை முற்றி வெடித்ததும் செடிகள் பழுப்பாகி, கோடையில் கறுத்த குச்சிகளாக நின்றன. காய்ந்த குச்சிகளும் காய்ந்த புல்லும் சேர்ந்திருக்கும் அந்த மாதங்களில் தீ பிடித்தால் விரைந்து பரவும். அடுத்த மழையில் பட்ட புதர்களின் அடியில் நாற்றுகள் நெருக்கமாக முளைத்திருந்தன. இவை 2030-இல் பூக்க வேண்டியவை.

ஆனால் அதே படவரிசையில் இன்னொன்றும் தெரிகிறது. சரிவின் வடபுறத்தில், 2018-இன் படத்தில் புல் மட்டுமே இருந்த ஓரிடத்தில், சீகைக் கன்றுகள் தலைகாட்டத் தொடங்கிப் பின்னர் அடர்ந்திருக்கின்றன. சீகையின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீயோ மண் கிளறலோ நேர்ந்தால் ஒட்டுமொத்தமாக முளைக்கும். நிழல் கவிந்த இடத்தில் புல்லும் குறிஞ்சியும் நிலைப்பதில்லை. வளர்ந்த மரத்தை வெட்டினால் வேலை முடிவதில்லை, வெளிச்சம் பட்ட மண்ணில் புதிய கன்றுகள் எழுகின்றன. ஆகவே கன்றுகள் முழங்கால் உயரத்தை எட்டும் முன்பே, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கையால் வேரோடு பிடுங்குவதே புல்வெளிக்குக் குறைந்த சேதம் தரும் வழி. அதையும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். காப்புக்காட்டில் இதை வனத்துறையோ அதன் அனுமதி பெற்றவர்களோதான் செய்ய முடியும். கன்றுகள் பரவிய எல்லையை ஆண்டுவாரியாகக் குறித்த படவரிசையை அதற்கான வேண்டுகோளோடு வனத்துறையிடம் ஒப்படைத்திருக்கிறோம். பாறையிலிருந்து எடுக்கும் படமும் ஒவ்வொரு பருவத்திலும் தொடர்கிறது.